பெங்களூரில் மூளை அறிவியல்: படிக்கவும் கற்பிக்கவும் விரும்பும் தமிழ் மாணவர்களுக்கு

பட்டப்படிப்புக்கோ வேலைக்கோ பெங்களூருக்கு வந்து சேரும் தமிழ்ப் பிள்ளைகளில் சிலருக்கு மூளையைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆசை தீயாகப் பற்றியிருக்கிறது. உயிரியல் மாணவர்களோடு கணினி, இயற்பியல், உளவியல், செவிலியர் படிப்பு எனப் பல துறைகளிலிருந்தும் வருகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எங்கிருந்து தொடங்குவது? இங்கே ஆய்வு மாணவனாக இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூர்ப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூளை அறிவியல் வகுப்பு எடுத்துவருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

படிப்பையும் கற்பித்தலையும் முதல் மாதத்திலேயே சேர்த்துத் தொடங்குங்கள். பட்டம் வாங்கிய பிறகு கற்பிக்கலாம் என்று தள்ளிப்போட்டவர்கள் பெரும்பாலும் தொடங்குவதே இல்லை. இன்னொன்று: பிள்ளைகளுக்கு மூளையின் அதிசயங்களை அடுக்கிச் சொல்வதால் பயன் குறைவு. தன் உடம்பில், தன் கையால் அளந்து பார்த்த ஒன்றை ஒரு பிள்ளை பல ஆண்டுகள் ஆனாலும் மறப்பதில்லை. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டு எண்ணங்களின் மேல் அமைந்தவை.

இதற்குப் பெங்களூரைப் போல வசதியான ஊர் இந்தியாவில் குறைவு. ஓசூர் ரோட்டில் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான தேசிய நிறுவனமான நிம்ஹான்ஸ், மல்லேஸ்வரத்தை ஒட்டி இந்திய அறிவியல் கழகம், பல்லாரி ரோட்டில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் தேசிய உயிரியல் மையம், ஜக்கூரில் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம். நான்கிலும் மூளை ஆய்வு நடக்கிறது. நான்குக்கும் மாநகரப் பஸ்ஸிலேயே போய் வந்துவிடலாம்.

முதல் படி: மூளையைக் கண்ணால் பாருங்கள்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் நிம்ஹான்ஸ் வளாகத்தில் உள்ள மூளை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நிம்ஹான்ஸ் இன்றைய வடிவத்தில் 1974இல் உருவானது. பழைய மனநல மருத்துவமனையும் 1954இல் அங்கே தொடங்கப்பட்ட பயிற்சி நிறுவனமும் அப்போது ஒன்றாக இணைந்தன. அதன் நரம்பு நோய்க்கூறியல் துறை பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த மனித மூளைகளைப் பொதுமக்களும் பார்க்கலாம். எல்லா நாளும் திறந்திருக்காது. குறிப்பிட்ட நாள்களில் குறிப்பிட்ட நேரத்தில்தான் குழுவாக அழைத்துச் செல்கிறார்கள். ஆகவே தொலைபேசியில் நாளையும் நேரத்தையும் உறுதி செய்துகொண்டு போங்கள். கையுறை அணிந்து உண்மையான மனித மூளையைக் கையில் ஏந்திப் பார்க்கும் வாய்ப்பும் அங்கே கிடைக்கிறது.

சும்மா சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள். மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். முதலாவது, மேற்பரப்பின் மடிப்புகள் இரண்டு மூளைகளில் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். பெரிய பள்ளங்கள் ஒத்துப்போகும், சின்னவை ஆளுக்கு ஆள் மாறும். இரண்டாவது, குறுக்கே வெட்டிய துண்டுகளில் வெளியே சாம்பல் நிறமும் உள்ளே வெண்மையும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று கவனியுங்கள். நரம்பணுக்களின் உடல்கள் சாம்பல் பகுதியில் இருக்கின்றன. வெண்மை நிறம், நீண்ட இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையின் கொழுப்பால் வருவது. மூன்றாவது, பக்கவாதத்தாலோ கட்டியாலோ தொற்றாலோ பாதிக்கப்பட்ட மூளைகளின் முன் நின்று, பாதிப்பு எந்தப் பக்கம், எந்த மடல் (மூளையின் பெரும் பிரிவு) என்று குறித்துக்கொண்டு, அந்த மனிதருக்கு என்ன இயலாமல் போயிருக்கும் என்று ஊகித்து எழுதுங்கள். பிறகு அழைத்துச் சென்றவரிடம் கேளுங்கள். பிரான்ஸில் பால் புரோக்கா 1861இல் பேச்சிழந்த ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடது முன்மடலின் ஒரு பகுதி பேச்சோடு தொடர்புடையது என்று காட்டியதும் இப்படித்தான். அந்தக் குடுவைகளில் இருப்பவை யாரோ ஒருவரின் குடும்பம் மனமுவந்து கொடுத்தவை. படம் எடுப்பதையும் சத்தமாகப் பேசுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

அசைவம் சமைக்கும் வீடாக இருந்தால் ஆட்டு மூளையையும் பார்த்துவிடலாம். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் கறிக்கடையில், உடையாமல் முழுதாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பச்சையாக இருக்கும்போது தொட்டாலே குழைந்துவிடும். உப்புப் போட்ட கொதிநீரில் சில நிமிடங்கள் வைத்தால் வெட்டும் அளவுக்கு இறுகும். பெருமூளை, சிறுமூளை, முகுளம், இரு அரைக்கோளங்களை இணைக்கும் நரம்பிழைக் கற்றை ஆகிய நான்கையும் அடையாளம் கண்டு படம் வரையுங்கள். ஃபார்மலின் வாங்கி வீட்டில் பதப்படுத்தும் வேலை மட்டும் வேண்டாம். அதன் ஆவி கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேடு.

இரண்டாம் படி: மின்சாரத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் உணர்வுநிலை என்றால் என்ன, கனவு ஏன் வருகிறது என்ற கேள்விகளோடு உள்ளே வருகிறார்கள். நல்ல கேள்விகள்தான், ஆனால் அங்கே தொடங்கினால் கருத்துகள் மட்டும் சேரும், பிடிமானம் கிடைக்காது. ஒரு நரம்பணு எப்படிச் சைகை அனுப்புகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கிறது. வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். தூண்டல் ஓர் எல்லையைத் தாண்டியதும் சோடியம் வாயில்கள் திறக்க, அயனிகள் உள்ளே பாய்ந்து, அழுத்தம் ஒரு மில்லிநொடிக்குள் நேர்ப்பக்கம் தாவுகிறது. பிறகு பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் இதை அளந்து, 1952இல் சமன்பாடுகளாக எழுதினார்கள். 1963இல் நோபல் பரிசு பெற்றார்கள். பல் மருத்துவர் போடும் மரத்துப்போகும் ஊசி ஏன் வேலை செய்கிறது என்று இப்போது உங்களுக்குப் புரியும்: அந்த மருந்து சோடியம் வாயில்களை அடைக்கிறது, வலிச் சைகை மூளைக்குப் புறப்படுவதே இல்லை. வலிப்பு, மயக்க மருந்து, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. என்று மேலே நீங்கள் படிக்கப்போகும் பலவும் இந்த அடித்தளத்தில் நிற்கின்றன. இதற்கு ஒரு மாதம் கொடுத்தாலும் தகும்.

அடுத்து நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸ். பிறகு பார்வை, பிறகு அசைவு, பிறகு நினைவாற்றல். உணர்வுநிலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பாடநூலாக பேர், கானர்ஸ், பாரடைசோ மூவரும் எழுதியது தொடக்கத்துக்குப் போதும். சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளில் முந்தைய பதிப்புகளைத் தேடிப் பாருங்கள். அதுவும் கையைக் கடித்தால், அமெரிக்க நரம்பறிவியல் சங்கம் வெளியிட்டிருக்கும் ‘பிரெயின் ஃபேக்ட்ஸ்’ நூலை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மொழி எளிமை, பள்ளி மாணவர்களுக்கான மூளை அறிவுப் போட்டிகளுக்கும் அதைத்தான் படிக்கிறார்கள்.

ஓர் அத்தியாயம் முடிந்ததும் அதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். கலைச்சொல்லுக்காகத் தடுமாற வேண்டாம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் நரம்பு மண்டலப் பாடம் இருக்கிறது, அதில் உள்ள சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது எந்த வரியில் பேனா நிற்கிறதோ அந்த இடம் உங்களுக்குப் புரியவில்லை என்று பொருள். அந்த வரிக்கே திரும்பிப் போய்ப் படியுங்கள். இந்தப் பக்கங்கள்தான் பின்னால் உங்கள் வகுப்புக் குறிப்புகளாக மாறும்.

சில அளவுகளை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. மனித மூளையின் எடை 1.3 முதல் 1.4 கிலோ. உடல் எடையில் இரண்டு சதவீதம்தான். ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி. ஆய்வகங்களில் வளர்க்கும் ஒரு மில்லிமீட்டர் உருளைப்புழுவுக்கு 302 நரம்பணுக்களே உண்டு. கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றும் சின்ன ஈக்கு ஏறத்தாழ 1,40,000. அதன் முழு இணைப்பு வரைபடம் 2024இல் வெளியானது. இந்த ஈயை வைத்து வாசனையையும் சுவையையும் ஆராய்ந்தவர் ஒபைத் சித்திக்கி. பல்லாரி ரோட்டில் உள்ள தேசிய உயிரியல் மையத்தை உருவாக்கியவரும் அவரே.

மூன்றாம் படி: கணக்கும் கணினியும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நிகழ்தகவு, வகைக்கெழுச் சமன்பாடு, அணிக்கோவை மூன்றிலும் அடிப்படை வேண்டும். பைத்தான் மொழி வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு கையில் இருந்தால் ஆறு மாதத்தில் எட்டிப்பிடித்துவிடலாம். முதல் பயிற்சியாக லூயி லாபிக் 1907இல் முன்வைத்த எளிய நரம்பணு மாதிரியைக் கணினியில் எழுதுங்கள். இருபது முப்பது வரிகளில் முடியும். 2020இல் தொடங்கிய நியூரோமேட்ச் அகாடமியின் பாடங்களும் பயிற்சிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உயிரியலில் இருந்து வருபவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரமே எண்கள் நிறைந்த கோப்பைத்தான் கையில் கொடுப்பார்கள்.

நான்காம் படி: உங்கள் உடம்பிலேயே அளந்து பாருங்கள்

எனக்கு மிகப் பிடித்த படி இதுதான். வகுப்புக்குப் போகும் முன் இந்தச் சோதனைகளை அறைத் தோழர்களோடு செய்து, முடிவுகளை நோட்டில் எழுதிவையுங்கள்.

அடிக்கோல் சோதனை. 30 சென்டிமீட்டர் கோலை ஒருவர் செங்குத்தாகத் தொங்கவிட, மற்றவர் கீழ் நுனியில், பூஜ்ஜியக் கோட்டுக்கு நேராக இரு விரல்களை விரித்து வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் கோலை விட்டதும் பிடிக்க வேண்டும். பிடித்த இடம் 10 சென்டிமீட்டர் என்றால் எதிர்வினை நேரம் 0.14 நொடி, 15 என்றால் 0.17, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23, 30 என்றால் 0.25. விழும் பொருளின் தூரம் நேரத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால் வருகிற கணக்கு இது. பத்தாம் வகுப்பு மாணவரே போட்டுவிடுவார். ஒரே ஆளுக்குப் பத்து முறை செய்து சராசரி எடுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, கோலை விடும்போதே “விடு” என்று குரல் கொடுங்கள். ஒலிக்கான எதிர்வினை பொதுவாக ஒளிக்கானதைவிட வேகம். விழித்திரையில் ஒளி நரம்புச் சைகையாக மாறும் வேதி நிகழ்வுக்கு நேரம் பிடிக்கிறது. உங்கள் குரலும் கையும் துல்லியமாக ஒரே கணத்தில் ஒத்துப்போகாது. அந்தப் பிழையை எப்படிக் குறைப்பது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். என் வகுப்பில் இந்தக் கேள்விக்கு வந்த விடைகள் சில ஆய்வுக்கூட்டங்களில் கேட்டவற்றைவிட நன்றாக இருந்தன.

சங்கிலிச் சோதனை. இதற்கு ஆள் நிறைய வேண்டும், ஆகவே வகுப்புக்கே உரியது. இருபது பேர் வரிசையாக அமர்ந்து, ஒவ்வொருவரும் அடுத்தவரின் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் கண்ணை மூடியதும் முதல் ஆள் அழுத்துவார். தன் காலில் அழுத்தம் உணர்ந்தவுடன் அடுத்தவர் காலை அழுத்த வேண்டும். கடைசி ஆள் கை தூக்கும்வரை நேரம் எடுங்கள். பிறகு கணுக்காலுக்குப் பதிலாகத் தோள். கணுக்காலிலிருந்து மூளைக்குச் செல்லும் பாதை தோளிலிருந்து செல்வதைவிட ஒரு மீட்டர் அளவு கூடுதல். தொடுசைகையைச் சுமக்கும் வேகமான நரம்பிழைகளில் அது நொடிக்கு 50 மீட்டர் அளவில் ஓடினால், ஆளுக்கு 0.02 நொடி, இருபது பேருக்கு 0.4 நொடி வித்தியாசம் வர வேண்டும். சாதாரண செல்போன் கடிகாரத்தில் தெரியும் வித்தியாசம் அது! காலையும் தோளையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இல்லாவிட்டால் பழக்கத்தால் வரும் வேகம் கணக்கைக் கெடுத்துவிடும். நம் பிள்ளைகள் மற்றவர் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவர்கள். அடுத்தவர் காலைப் பிடிக்கத் தயங்குவார்கள். ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் தனித்தனிச் சங்கிலியாக உட்கார வைத்து, விருப்பம் இல்லாதவருக்கு நேரம் எடுக்கும் வேலையைக் கொடுங்கள்.

வண்ணச் சொல் சோதனை. 1935இல் ஸ்ட்ரூப் வெளியிட்டது. உலகம் முழுக்கச் செய்கிறார்கள். “சிவப்பு” என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் நாக்குத் தடுமாறும். பெங்களூரில் இதை நம் ஊருக்கென்றே மாற்றலாம். ஒரு தாளில் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று தமிழில். இன்னொன்றில் அதே நிறங்களின் பெயர்களான கெம்பு, நீலி, ஹசிரு, ஹளதி என்பவற்றைக் கன்னட எழுத்தில். மூன்றாவதில் வெறும் வண்ணக் கட்டங்கள். ஒவ்வொரு தாளிலும் முப்பது நிறங்களைச் சொல்லி முடிக்க எத்தனை நொடி ஆகிறது என்று எடுங்கள். புதிதாக ஊரிலிருந்து வந்தவர் தமிழ்த் தாளில் திணறுவார். கன்னடத் தாள் அவருக்கு வெறும் வடிவங்கள் என்பதால் தடையின்றி ஓடுவார். இங்கேயே பிறந்து கன்னடம் படிக்கும், வீட்டில் தமிழ் பேசினாலும் தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகளுக்கு நேர்மாறாக வரும். அம்மாவையும் மகளையும் அடுத்தடுத்து உட்கார வைத்துச் செய்யுங்கள். வாசிப்பு என்பது கற்றபின் நிறுத்த முடியாத செயல் என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. இந்திய அறிவியல் கழகத்து எஸ்.பி. அருண் குழுவினர் தெலுங்கு வாசிப்பவர்களையும் மலையாளம் வாசிப்பவர்களையும் ஒப்பிட்டு, எழுத்தறிவு பார்வையை எப்படி மாற்றுகிறது என்ற ஆய்வை 2019இல் வெளியிட்டார்கள். உங்கள் மூன்று தாள்களிலிருந்து அந்த ஆய்வுவரை ஒரே நேர்க்கோட்டில் போகலாம்.

கண்ணாடிக் கோலம். சிறிய புள்ளிக் கோலம் ஒன்றை அச்சிட்டு, கையை நேராகப் பார்க்க முடியாதபடி அட்டையால் மறைத்து, கண்ணாடியில் பார்த்தபடி கோட்டின் மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். முதலில் கை தாறுமாறாகப் போகும். திரும்பத் திரும்பச் செய்தால் சீராகும். எச்.எம். என்று அறியப்பட்ட ஹென்றி மொலேசனின் கதையை அப்போது சொல்லுங்கள். வலிப்புக்காக 1953இல் செய்த அறுவையில் அவருடைய மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இருபுறமும் பெருமளவு நீக்கப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. ஆனால் உளவியலாளர் பிரெண்டா மில்னர் கொடுத்த இதேபோன்ற கண்ணாடிப் பயிற்சியில் நாளுக்கு நாள் முன்னேறினார், முன்பு செய்த ஞாபகமே இல்லாமல். நிகழ்ச்சியை நினைவில் வைப்பதும் கைப்பழக்கமும் மூளையில் வேறு வேறு அமைப்புகளைச் சார்ந்தவை என்பதற்கு அதுவே சான்றானது.

கண்ணாடி என்றதும் நரம்பறிவியலாளர் வி.எஸ். ராமச்சந்திரனையும் அறிமுகப்படுத்துங்கள். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலிக்கும் துயரத்தை ஆராய, 1990களில் ஒரு சாதாரணக் கண்ணாடியைப் பெட்டிக்குள் நிறுத்தி வைத்துப் பார்த்தவர். பெரிய கருவி இல்லாமலும் பெரிய கேள்வியைக் கேட்கலாம் என்று பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள்.

ஐந்தாம் படி: வகுப்பைத் தொடங்குங்கள்

இடத்துக்காக அலைய வேண்டாம். அல்சூர், மர்பி டவுன், விவேக் நகர், ஸ்ரீராமபுரம், நீலசந்திரா என்று தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் கோயில் மண்டபம், தேவாலயக் கூடம், டியூஷன் அறை ஏதாவது ஒன்று ஞாயிறு காலையில் காலியாக இருக்கும். அல்சூர் ஏரிக்கரையில் 1950 முதல் இயங்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளிலும் கேட்டுப் பாருங்கள். பெற்றோரை முதலில் சந்தியுங்கள். “தம்பி, இதனால் மார்க் கூடுமா?” என்று ஓர் அம்மா கட்டாயம் கேட்பார். “கூடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன், அம்மா. பிள்ளை கேள்வி கேட்கப் பழகும்” என்று உள்ளதைச் சொல்லுங்கள். இரண்டு வாரம் அனுப்பிப் பார்க்க யாரும் மறுப்பதில்லை. முதல் நாள் பெற்றோர் யாராவது உடன் இருக்கட்டும். அது பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் நல்லது, உங்கள் மேல் நம்பிக்கை வளரவும் நல்லது.

பத்துப் பதினைந்து பிள்ளைகள், ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, ஒரு மணி நேரம். ஒரு வகுப்புக்கு ஒரே கேள்வி. அளவெடுப்பதில் தொடங்குங்கள், எண்களைக் கரும்பலகையில் எழுதி வரைபடம் போடுங்கள், பிறகுதான் விளக்கம், அதுவும் பதினைந்து நிமிடத்துக்கு மிகாமல். வீடியோவைத் தவிர்த்துவிடுங்கள், அதைப் பார்க்க அவர்களுக்கு நீங்கள் தேவையில்லை. பள்ளியில் ஆங்கிலமோ கன்னடமோ படிக்கும் பிள்ளைகள் இவர்கள். தமிழில் விளக்கிவிட்டு, பள்ளிப் பாடத்தில் வரும் பெயரையும் பலகையில் எழுதிவிடுங்கள். அவர்கள் உங்களை “சார்” என்று அழைக்கத் தொடங்கினால் “அண்ணா” அல்லது “அக்கா” என்றே கூப்பிடச் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் தயக்கம் பாதி குறைந்துவிடும்.

மூன்றாவது நான்காவது வாரத்துக்குள் வலிப்பைப் பற்றி ஒரு வகுப்பு கட்டாயம் எடுங்கள். மற்றதெல்லாம் அறிவுக்கு, இது உயிருக்கு. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடுகின்றன. அதற்குள் யாராவது சாவியைக் கொடுத்திருப்பார்கள், பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. பிள்ளைகளிடம் கேளுங்கள்: சாவி வேலை செய்ததா என்று அறிய வேறு எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்? சாவி கொடுக்காதபோது எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்பதை யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். ஒப்பீட்டுக் குழு என்ற கருத்து அந்தக் கணத்தில் பிறக்கிறது. பிறகு செய்ய வேண்டியதை நடித்துக் காட்டிப் பழக்குங்கள்: சுற்றியுள்ள கூர்மையான பொருள்களை விலக்கு, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வை, ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, கைகால்களை அழுத்திப் பிடிக்காதே, கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே மறுபடி வந்தால் 108க்கு அழைக்க வேண்டும்.

இதே வகையில் பக்கவாதம். வாய் ஒருபுறம் கோணுகிறதா, ஒரு கை தூக்க முடியாமல் விழுகிறதா, பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். அடைப்பால் வந்த பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பெரிய அடைப்பு ஒன்றில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். தாத்தா பாட்டியோடு பகலில் வீட்டில் இருப்பவர்கள் பல வீடுகளில் இந்தப் பிள்ளைகள்தான்.

நடுமூளையைத் தூண்டிக் கண்ணைக் கட்டிக்கொண்டே படிக்க வைக்கிறோம் என்று பெற்றோரிடம் பணம் வாங்கும் வகுப்புகளைப் பற்றி உங்களிடம் கேட்பார்கள். தெளிவாகச் சொல்லுங்கள்: நடுமூளை ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது; நம் கண் அசைவதும் விழிப்போடு இருப்பதும் அதையும் சார்ந்தவை. கட்டிய துணிக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் பிள்ளை பார்க்கிறது. புத்தகத்தை நெற்றிக்கு மேலே உயர்த்திப் பிடித்தால் படிப்பு நின்றுவிடும். மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் பல ஆண்டுகளாக இந்த ஏமாற்றைப் பொதுமேடைகளில் விளக்கிவருகிறார். உங்கள் வகுப்பிலேயே அப்படிப் பயிற்சி பெற்ற பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்திச் சோதிக்காதீர்கள். துணியைக் கட்டிக்கொண்டு எங்கே இடைவெளி இருக்கிறது என்று நீங்களே தேடிக் காட்டுங்கள். தெரிய வேண்டியது தெரிந்துவிடும்.

நீங்கள் மருத்துவர் இல்லை என்பதை மறக்கக் கூடாது. “பையனுக்குப் பேச்சு வரவில்லை, பாருங்கள்”, “மாமியாருக்கு மறதி” என்று வகுப்பு முடிந்ததும் வந்து நிற்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், கருத்துச் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். மனத் துயரம் என்றால் அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416ஐ எழுதிக் கொடுங்கள். தமிழிலும் பேசலாம்.

ஆறாம் படி: ஆய்வகக் கதவைத் தட்டுங்கள்

இந்திய அறிவியல் கழகம் ஆண்டுக்கு ஒரு நாள், பெரும்பாலும் பிப்ரவரி அல்லது மார்ச்சில், வளாகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறது. காலையிலேயே நரம்பறிவியல் மையத்துக்குப் போய், சோதனைகளை விளக்கும் ஆய்வு மாணவர்களிடம் பேசுங்கள். பேராசிரியரைவிட அவர்களிடம்தான் உள்ளபடியான நிலவரம் தெரியும்: எந்த ஆய்வகத்தில் இடம் இருக்கிறது, எந்தத் திறன் வேண்டும், நாள் எப்படிப் போகும்.

கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் திட்டம் நல்ல வாசல். 1934இல் சி.வி. ராமன் நிறுவிய பெங்களூர் அகாடமி அவற்றில் ஒன்று. இரண்டு மாதப் பயிற்சி, உதவித்தொகையோடு. மாணவர்கள் மட்டுமின்றி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். ஊரில் ஆசிரியராக இருக்கும் உங்கள் நண்பருக்கும் இதைச் சொல்லுங்கள். ஜக்கூர் மையமும் தனியாகக் கோடைப் பயிற்சி நடத்துகிறது. முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே விண்ணப்ப அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடும். செப்டம்பரிலிருந்தே இணையதளங்களைப் பார்த்துவாருங்கள். முனைவர் பட்டத்துக்கு கேட், சி.எஸ்.ஐ.ஆர். நெட், தேசிய உயிரியல் மையத்துக்கு ஜீபில்ஸ் என்று தேர்வுகள் உண்டு. நரம்பறிவியலிலேயே முதுகலை படிக்க விரும்பினால் டெல்லிக்கு அருகே மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தையும் பாருங்கள். நோயாளிகளோடு வேலை செய்ய ஆசைப்படுபவர்களுக்கு நிம்ஹான்ஸில் மருத்துவம், மருத்துவ உளவியல், செவிலியம், நரம்பு மின்னியல் தொழில்நுட்பம் எனத் தனி வழிகள் இருக்கின்றன.

ஒரு பேராசிரியருக்கு நேரடியாக எழுதுவதானால் அவருடைய ஒரே ஒரு கட்டுரையை முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள். முதல் பத்தியில் அந்தக் கட்டுரையில் எந்தப் படம் உங்களுக்குப் புரிந்தது, எது புரியவில்லை, ஏன் என்று நான்கு வரி. இரண்டாவது பத்தியில் நீங்கள் செய்தவை: எழுதிய நிரல், எடுத்த வகுப்பு, அளந்த எண்கள். ஞாயிறு வகுப்பில் அறுபது எழுபது பேரிடம் எடுத்த வண்ணச் சொல் சோதனையின் வரைபடம் ஒன்றை இணைத்தால், மதிப்பெண் பட்டியல் சொல்லாததை அது சொல்லும். ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்பும் பழக்கம் வேண்டாம், பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவர்.

இடம் கிடைத்துவிட்டால் பயிற்சி பெரும்பாலும் மே மாதவாக்கில் தொடங்கும், ஆய்வக வேலை ஞாயிறையும் விழுங்கிவிடும். அதே மாதங்களில்தான் பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறை, வகுப்புக்கு வரத் துடிப்பார்கள். அதனால் பிப்ரவரியிலேயே வகுப்பில் மூத்த பிள்ளைகள் இருவரைத் தேர்ந்தெடுத்து, அடிக்கோல் சோதனையையும் வலிப்புப் பாடத்தையும் அவர்களே நடத்தப் பழக்குங்கள். மார்ச் மாதம் உலக மூளை விழிப்புணர்வு வாரம் வருகிறது. அவர்களை முதன்முதலாகப் பலகை முன் நிறுத்த அது பொருத்தமான வாரம்; நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து நேரம் எடுங்கள்.